தீவகத்துத் தாய் எங்கே பெறுவாள்?

“பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் பெரியாஸ்பத்திரி. கூப்பிட்டால் அம்புலன்ஸ் வருகிறது. இன்னும் என்ன வேண்டும் இந்தத் தீவாருக்கு?”

தீவகத்துத் தாய்மாரின் பிள்ளைப்பேற்று வசதிபற்றி நாம் வாய் திறக்கும்போதெல்லாம் கிடைக்கும் மறுமொழி இது. மேசைக்கு அப்பாலிருக்கும் அதிகாரிகள் சொல்கிறார்கள். அவர்களைக் கண்டு திரும்பிய நம்மவர் சிலரும் அதையே கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொல்கிறார்கள். தீவகத்தின் கண்ணீரை மேடைதோறும் பாடி வாக்குக் கேட்டவர்களோ இதைக்கூடச் சொல்வதில்லை. வாக்கெண்ணி முடிந்த அன்றே அவர்களுக்கு அது மறந்து போயிற்று.

மறுமொழியில் உண்மை இல்லாமலில்லை. சரவணையிற் புறப்படும் மோட்டார் வண்டி வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பண்ணைத் தாம்போதி என்று ஓடி முக்கால் மணிக்குள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வாயிலில் நிற்கலாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கும் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் தீவகம் என்பது சரவணை மட்டுமன்று. பிள்ளைப்பேறு என்பது பகலில், நல்ல காலநிலையில், குறித்த நாளில், நிறைமாதத்தில் மட்டும் வருவதுமன்று. இந்த இரண்டையும் மறந்தவர்களே மேற்கண்ட மறுமொழியைச் சொல்லத் துணிவர்.

சரவணையிற் பிறந்த இரு சகோதரிகளை எண்ணிப் பார்ப்போம். கற்பனைச் சகோதரிகள்தாம், ஆனால் இவர்களைப் போன்றவர்களைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. மூத்தவள் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டாள். இளையவள் நெடுந்தீவுக்கு மருமகளாய்ப் போனாள். இருவரும் ஒரே காலத்திற் கருவுற்றனர். முப்பதாம் வாரத்தில், ஒரே இரவில், இருவருக்கும் பன்னீர்க்குடம் உடைகிறது.

மூத்தவளின் புருஷன் தொலைபேசியை எடுக்கிறான். வண்டி வருகிறது, வரத் தாமதித்தால் அயலவரின் வண்டி இருக்கிறது. நள்ளிரவுக்கு முன் அவள் நிபுணரின் கண்பார்வையில், கட்டிலில். அவளது கையில் மருந்து ஏறுகிறது. கீழே சிசு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, “முப்பது வாரத்துப் பிள்ளை ஒன்று வரக்கூடும்” என்ற செய்தி போகிறது.

இளையவள் நெடுந்தீவுப் பிரதேச வைத்தியசாலைக்குப் போகிறாள். அங்குள்ள வைத்தியர் நல்லவர். என்ன செய்யவேண்டும் என்பதையும் அறிந்தவர். அவரிடம் இல்லாதது கருவி, நிபுணர், ஆள். “யாழ்ப்பாணம் கொண்டு போங்கள்” என்கிறார். எதிலே கொண்டு போவது? குமுதினிப் படகின் பெயர் அறியாத தீவார் இல்லை. அது பகலில் ஓடுவது. குறிகாட்டுவானை அடைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுப்பது. சோளகக் காற்று எழுந்த மாதமாயின் அந்த ஒரு மணி நேரத்தைச் சுகதேகிகளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பர். நள்ளிரவில் கடற்படையினரின் படகை நாடவேண்டும்; பலமுறை அவ்வாறு நாட நேர்ந்ததைப் பத்திரிகை வாசிப்போர் அறிவர். வந்து உதவிய மாலுமிகளை நாம் குறை கூறவில்லை. ஒரு தாயின் பேறு படையினரின் வசதியையும் மனத்தையும் பார்த்து நிற்கும் ஏற்பாட்டைத்தான் குறை கூறுகிறோம். குறிகாட்டுவானில் இறங்கி, புங்குடுதீவைக் கடந்து, நெடுந்தாம்போதியைக் கடந்து, தாய்வீடு இருக்கும் தீவையும் கடந்து அவள் யாழ்ப்பாணம் சேரும்போது விடிந்திருக்கும். பிள்ளை அதுவரை காத்திருந்ததா என்பது வேறு கேள்வி.

இந்தச் சில மணி நேரத்துக்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று கேட்பவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

முப்பத்தேழு வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிள்ளை. முப்பதாம் வாரத்துப் பிள்ளை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். பார்வைக்குக் கைகால் எல்லாம் முழுமையாய் இருக்கும். குறை உள்ளே, நுரையீரலில். மூச்சு வெளியே போகும்போது நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாதிருக்க அவற்றின் உட்சுவரிலே வழுவழுப்பான ஒரு பூச்சு வேண்டும். சேர்பக்டன்ற் என்று வைத்தியர்கள் அதைச் சொல்வர். குறைமாதப் பிள்ளைக்கு அது போதியளவு சுரந்திராது. ஆகவே ஒவ்வொரு மூச்சும் அதற்குப் புது மூச்சு. ஒட்டிப்போன பலூனை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஊதுவதுபோன்ற உழைப்பு. சில மணி நேரத்தில் அது களைத்துவிடும். அமெரிக்க வைத்தியர் மேரி எலன் ஏவறி இந்தப் பொருளின் குறைவே காரணம் என்று 1959இல் எடுத்துக்காட்டினார். அதை மருந்தாகப் பிள்ளையின் மூச்சுக்குழலில் விட்டுக் காப்பாற்றலாம் என்பதை 1980இல் ஜப்பானியரான புஜிவாரா நிறுவினார்.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே, 1963 ஓகஸ்ட் 7ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மனைவிக்கு ஒரு மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கும் அதிகம். ஓர் இராணுவ விமானத்தள வைத்தியசாலையிற் பிறந்த அவனைப் பொஸ்ரன் நகரின் பெரிய பிள்ளைகள் வைத்தியசாலைக்கு விரைந்து கொண்டு போனார்கள். உலகத்தின் பெருஞ்செல்வமும் பேரதிகாரமும் அந்தக் கட்டிலைச் சூழ நின்றன. முப்பத்தொன்பது மணி நேரம் உயிர் வாழ்ந்து, ஓகஸ்ட் 9ஆம் நாள் அவன் மறைந்தான். நுரையீரல்தான் காரணம். இன்று அதே எடையுள்ள பிள்ளை, வசதியுள்ள சிசுப் பிரிவொன்றிற் பிறந்தால், தாயின் மடியில் வீடு போகும் என்றே வைத்தியர் எதிர்பார்ப்பர். அன்று வல்லரசின் தலைவனால் பெறமுடியாததை இன்று ஓர் ஏழை மீனவன் பெறலாம். ஆனால் உரிய இடத்தில் இருந்தால் மட்டுமே பெறலாம்.

உரிய இடத்திற் பிறப்பதும், வேறிடத்திற் பிறந்தபின் உரிய இடத்துக்குக் கொண்டு போகப்படுவதும் ஒன்றல்ல. நம்மவர் பலர் கவனியாத இடம் இதுவே. “பிறக்கட்டும், ஏதும் என்றால் யாழ்ப்பாணம் கொண்டு போவோம்” என்கிறார்கள். பிறந்த முதல் நிமிடத்தில் மூச்சு எடுக்காத பிள்ளைக்கு அந்த நிமிடத்திலேயே கை தேர்ந்தவர் வேண்டும்; குறிகாட்டுவானில் இறங்கியபின் அல்ல. ஒன்றரைக் கிலோப் பிள்ளையின் உடல் பேச்சுப் பராக்கிலேயே குளிர்ந்துவிடும். திறந்த கடலின் காற்றில் என்னவாகும்? பேற்றின்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட நிறைமாதப் பிள்ளைகளுக்கு உடலை மூன்று நாள் கட்டுப்பாடாகக் குளிர்வித்து வைக்கும் சிகிச்சை ஒன்று இன்று உண்டு. பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கினாலன்றி அதனாற் பயனில்லை. நெடுந்தீவின் இரவோடு அந்த ஆறு மணி நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும் நமது அதிகாரிகள்.

2010இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில், அதற்கு முந்திய முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்த கட்டுரையொன்று வந்தது. ஒன்றரைக் கிலோவிற் குறைந்த பிள்ளைகளுள், உயர்நிலைத் தீவிர சிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைகளிற் பிறந்தோரில் நூற்றுக்கு 23 பேர் இறந்தனர். வேறிடங்களிற் பிறந்தோரில் நூற்றுக்கு 38 பேர். இது செல்வமும் வீதியும் விமானமும் நிறைந்த நாடுகளின் கணக்கையே பெரிதும் கொண்டது. தாம்போதியும் படகும் உள்ள நாட்டுக்கு இதைவிட நல்ல கணக்கு வரும் என்று எவரும் சொல்லப் போவதில்லை.

குறைமாதப் பிள்ளையை ஏற்றிச் செல்ல மனிதன் கண்ட எந்த வண்டியும் தாயின் வயிற்றுக்கு ஈடாகாது. பிறக்குமுன் தாயை மாற்றுவதே முறை. வழியிலே பிறக்காது என்று வைத்தியர் மதிப்பிட்டால், புறப்படுமுன்னரே சிறு வைத்தியசாலையிற் செய்யக்கூடியதும் உண்டு. முப்பத்துநான்கு வாரத்துக்கு முன் பேறு நிகழும் என்று கண்டால் தாய்க்கு ஒரு ஸ்டீரொயிட் ஊசி ஏற்றுவர். அது பிள்ளையின் நுரையீரலை விரைவிற் பக்குவப்படுத்தும். நியூசிலாந்திலே லிகின்ஸ், ஹோவி என்ற இரு வைத்தியர்கள் 1972இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. மருந்து மலிவானது. அது முழுப் பலன் தர ஒரு நாள் வேண்டும் என்பதால் முதல் ஊசி எவ்வளவு முந்தி ஏறுகிறதோ அவ்வளவு நன்று. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் அந்த ஊசி குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்திலே எப்போதும் இருக்கிறதா, யாழ்ப்பாணத்து நிபுணரைத் தொலைபேசியிற் கேட்டு இரவிலும் அதை ஏற்றும் ஒழுங்கு உண்டா என்று நாம் கேட்கிறோம். ஆம் என்றால் மகிழ்ந்து எழுதுவோம்.

அரசாங்கத்தோடு பேசுமுன் நம் வீட்டாரோடும் இரண்டு வார்த்தை பேசவேண்டியிருக்கிறது. கசந்தாலும் கேட்கவேண்டும்.

முற்காலத்தில் நம் பெண்கள் வைத்தியசாலையில் பெற அஞ்சினர். இணுவிலில் 1898இல் தொடங்கிய மிஷன் வைத்தியசாலையும் பின்னர் அரசாங்க மருத்துவிச்சிகளும் அந்த அச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போக்கினர். 1935இல், மலேரியாக் கொள்ளைநோய் ஆண்டில், இலங்கையிற் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 260க்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1947இல் அது நூறளவாயிற்று. இன்று பத்துக்கும் கீழே. இந்த வெற்றிக்கு வீடு வீடாய்ச் சைக்கிளிற் சென்ற குடும்பநல மாதர்களுக்கே முதல் மாலை சூட்டவேண்டும். ஆனால் எஞ்சியிருக்கும் மரணங்களுட் பெரும்பாலானவை பிறந்து இருபத்தெட்டு நாளுக்குள் நிகழ்பவை. குறைமாதம், மூச்சுத் திணறல், பிறவிக் குறை, கிருமித் தொற்று ஆகியவற்றால் வருபவை. பழைய எதிரியை வென்ற ஆயுதத்தால் இந்த எதிரியை வெல்ல முடியாது. வைத்தியசாலைக்குப் போனால் போதும் என்ற காலம் முடிந்து, எந்த வைத்தியசாலைக்குப் போவது என்ற காலம் வந்துவிட்டது.

இந்தக் காலத்தில் நம்மவர் வைத்தியசாலையை எதைப் பார்த்துத் தெரிகிறார்கள்? குளிரூட்டிய தனியறை உண்டா? பார்க்க வரும் உறவினருக்கு நாற்காலி உண்டா? கனடாவிலிருந்து தமையன் அனுப்பிய பணம் இருக்கிறது. வாட்டிலே பத்துப் பேரோடு படுப்பது கௌரவக் குறைவு. சரி, படுக்கவேண்டாம். ஆனால் பிள்ளை மூச்செடுக்கத் தவறினால் அந்தத் தனியறையில் யார் ஓடி வருவார்? சிசு வைத்தியர் அந்தக் கட்டிடத்தில் இரவும் தங்குகிறாரா, வீட்டிலிருந்து அழைத்தால் வருபவரா? செயற்கைச் சுவாச இயந்திரம் எத்தனை, இன்று அவற்றுள் வெறுமையாய் இருப்பது எத்தனை? இல்லையென்றால் பிள்ளையை எங்கே அனுப்புவார்கள், கூடப் போவது வைத்தியரா, பிள்ளையின் தகப்பனும் ஒரு துவாயுமா? பல இடங்களில் இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை, எந்த அரசாங்க வைத்தியசாலையை இகழ்ந்து விலகினோமோ அதே அரசாங்க வைத்தியசாலை என்பதாகவே இருக்கும். தாய் ஒரு கட்டிடத்தில் தையலோடு கிடக்க, பிள்ளை மற்றொரு கட்டிடத்தில் தனியே கிடக்கும். குறைமாதப் பிள்ளைக்கு மருந்துக்கு நிகரானது தாய்ப்பால். அதைப் போத்தலில் ஏந்திக்கொண்டு தகப்பன் தெருவில் ஓடுவான். ஓர் அறையின் குளிரூட்டிக்கு இவ்வளவு விலையா?

சோதிடரிடம் நாள் கேட்டுச் சத்திரசிகிச்சைக்கு நேரம் குறிக்கும் வழக்கமும் நம்மிடையே புகுந்துவிட்டது. சத்திரசிகிச்சை உண்மையாகத் தேவையானால் செய்யத்தான் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நட்சத்திரத்துக்காகப் பிள்ளையை இரண்டு வாரம் முந்தி வெட்டியெடுப்பது எந்தச் சாத்திரம்? அமெரிக்காவில் 2009இல் வந்த பேராய்வு ஒன்று, காரணமின்றி 37ஆம் வாரத்திற் செய்யும் இத்தகைய சத்திரசிகிச்சையாற் பிறக்கும் பிள்ளைகளுக்கு மூச்சுத் தொல்லை முதலிய கேடுகள், 39ஆம் வாரத்திற் பிறப்போரைவிட ஏறக்குறைய இருமடங்கு என்று கண்டது. நல்ல நாளிற் பிறந்த பிள்ளை தன் முதல் வாரத்தைக் குழாய்களுக்கு நடுவே கழிக்குமானால் அந்த நாளில் என்ன நன்மை கண்டோம்?

ஆகவே குடும்பத்தார் தனியறையை விட்டுச் சிசுப் பிரிவைப் பார்த்து இடம் தெரியவேண்டும். அதையும் பெறுமாதத்தில் அல்ல, ஐந்தாம் ஆறாம் மாதத்திலேயே குடும்பநல மாதுவோடும் கிளினிக் வைத்தியரோடும் இருந்து தீர்மானிக்கவேண்டும். இரட்டைக் கரு, முன்னர் குறைமாதத்திற் பெற்றவள், இரத்த அழுத்தம் உள்ளவள், நீரிழிவு உள்ளவள், நஞ்சுக்கொடி கீழிறங்கியவள் ஆகியோர் விடயத்தில் ஒரு கிழமையும் தாமதிக்கலாகாது. நீர் கசிந்தாலோ, இரத்தம் கண்டாலோ, நாள் வருமுன் வலி வந்து வந்து போனாலோ, கடுந் தலையிடியோடு கண் மங்கினாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, “விடியட்டும் பார்ப்போம்” என்று சொல்லும் மாமியின் பேச்சை அன்று மட்டும் கேளாதிருக்கலாம்.

கருவி இருக்கிறதா என்று கேட்பது மட்டும் போதாது என்பதையும் நாம் பட்டே அறிந்தோம். 2022 ஏப்ரலில், நாடு வங்குரோத்தில் விழுந்த நாட்களில், சிசுக்களின் மூச்சுக்குழலில் இடும் சிறு குழாய்கள் தீர்ந்து போகின்றன, பாவித்தவற்றைக் கழுவிக் கிருமி நீக்கி மீண்டும் பாவியுங்கள் என்று இலங்கையின் சிசு வைத்திய நிபுணர்களே பகிரங்கமாகச் சொல்லவேண்டி வந்தது. கொழும்பின் பெரிய பெண்கள் வைத்தியசாலையின் கதியே அதுவானால் யாழ்ப்பாணத்தின் கதி யாது? அதைத் தொடர்ந்து வைத்தியர்களும் தாதியரும் நூற்றுக்கணக்கில் நாட்டை விட்டுப் போயினர். சுவாச இயந்திரத்துக்குக் கண்ணில்லை. அதன் அருகில் இரவு முழுதும் கண் விழித்திருக்கும் தாதியே அதற்குக் கண். ஒரு தாதிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் ஒரு பிரிவின் தரம் தெரிந்துவிடும். கட்டிடம் திறப்பதற்கு வரும் மந்திரிமார் இந்தக் கேள்வியை ஏனோ கேட்பதில்லை. நாடா வெட்டக் கத்தரிக்கோல் இருந்தாற் போதும் அவர்களுக்கு.

இனி அரசாங்கத்தாரிடம் வருவோம்.

“தீவகத்தில் ஆள் எங்கே?” என்பது அவர்களது இரண்டாவது மறுமொழி. பிறப்பு எண்ணிக்கை குறைவாம். செலவுக்குத் தக்க பயன் இல்லையாம். ஆள் எங்கே போயினர் என்பதை நாம் நினைவூட்டவேண்டுமா? 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுகளைக் கைப்பற்றியபோது வேலணையும் சரவணையும் நாரந்தனையும் ஊரோடு எழுந்தன. அடுப்பில் ஏற்றிய உலையை இறக்காமல் ஓடியவர்கள் உண்டு. யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு என்று அலைந்து, கடல் கடந்து ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் குடியேறினர். திரும்பி வந்தவர் சிலர். அந்தச் சிலரைப் பார்த்து, நீங்கள் சிலர்தானே என்று வசதியை மறுப்பது என்ன நியாயம்? வசதியில்லை என்று இளங்குடும்பங்கள் பண்ணைக்கு அப்பாற் போய் வாடகை வீட்டிற் குடியேறுகின்றன. குடும்பங்கள் போயின என்று வசதி குறைக்கப்படுகிறது. இப்படியே போனால் ஒரு நாள் தீவகத்தில் பிறப்பு எண்ணிக்கை பூச்சியமாகும். அன்று செலவும் பூச்சியம். கணக்கருக்கு மிக்க மகிழ்ச்சி.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு தீவிலும் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது கைதட்டலுக்கு உதவும், பிள்ளைக்கு உதவாது. மாதம் ஒரு குறைமாதப் பிள்ளையைக் காணும் பிரிவில் வைத்தியரின் கையும் தாதியின் கையும் பழக்கம் விட்டுப்போம். நாள்தோறும் அத்தகைய பிள்ளைகளைக் கையாளும் இடத்திலேதான் திறமை வளரும். யாழ்ப்பாணத்தில் அந்தப் பிரிவு பெரிதாகட்டும், ஆளும் குழாயும் மருந்தும் நிறையட்டும். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலை சாதாரணப் பேற்றைத் துணிவோடு பார்க்கவும் பிறந்த பிள்ளைக்கு முதல் மூச்சு ஊட்டவும் வல்லதாக எந்நேரமும் இருக்கட்டும். தீவுகளில் முதல் ஊசியும், இரவுப் படகும் இருக்கட்டும். இவற்றோடு நாம் கேட்பது ஒரு வீடு.

ஆம், ஒரு வீடு. போதனா வைத்தியசாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுத் தாய்மார் பெறுமாதத்தைக் கழிக்க ஒரு வீடு. ஆபத்துள்ள கருவாயின் அதற்கும் முன்பே வந்து தங்க ஒரு வீடு. இன்று உறவினர் உள்ளவள் கொழும்புத்துறையிலோ கொக்குவிலிலோ ஒரு திண்ணையைப் பிடித்துக்கொள்கிறாள். உறவினரின் முகம் சுளிக்கச் சுளிக்க நாளெண்ணுகிறாள். உறவினர் இல்லாதவள் தீவிலேயே இருந்து கடலை நோக்குகிறாள்.

இது நாம் கண்ட கனவன்று. கியூபா 1962இல் கமாகுவே நகரில் இத்தகைய தாய்மார் இல்லத்தைத் திறந்தது. மலையிலும் குக்கிராமங்களிலும் இருந்த பெண்களை வைத்தியசாலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இருத்திற்று. செல்வந்த நாடன்று அது. தொலைவில் வாழும் தாய்மாருக்கு இத்தகைய இல்லங்கள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2015இல் பரிந்துரைத்தது. நம்மவர் குடியேறிய கனடாவிலும், வடகோடியிலுள்ள முதற்குடிப் பெண்களைப் பேற்றுக்குச் சில வாரம் முன்னரே தென்னகரங்களுக்கு விமானத்தில் அழைத்துவருகிறார்கள். அங்கே ஒரு பிழையும் நடந்தது. பெண்ணைத் தனியே அனுப்பினார்கள். அன்னிய நகரில், அன்னிய மொழியில், துணையின்றிப் பெற்ற பெண்களின் துயரம் அந்த நாட்டின் மனச்சாட்சியைக் குத்தியது. 2017இல்தான் துணைக்கு ஒருவர் செல்லும் செலவையும் அரசாங்கம் ஏற்றது. ஆகவே நாம் கேட்கும் வீட்டில் தாயோடு அவளது அம்மாவோ மாமியோ தங்க இடம் வேண்டும். மூத்த பிள்ளையை எங்கே விட்டு வருவது என்ற கவலையால் வராமலே இருக்கும் பெண்களும் உண்டு. அந்தப் பிள்ளைக்கும் ஒரு பாய் வேண்டும்.

என்ன செலவு? பத்துப் பன்னிரண்டு கட்டில், ஒரு சமையலறை, நாளுக்கொருமுறை வந்து பார்க்கும் மருத்துவிச்சி. ஒரு மந்திரியின் வாகனத்தொடர் யாழ்ப்பாணம் வந்து போகும் செலவோடு ஒப்பிடச் சொல்லி அரசாங்கத்தாரைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. வெளிநாட்டில் வாழும் தீவகத்தாரையும் கேட்கிறோம்: ஊர்க்கோயிலின் கோபுரத்துக்கு நீங்கள் அனுப்பிய பணத்தை நாம் குறை சொல்லவில்லை, கோபுரம் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் எந்தெந்த வைத்தியசாலைகளில், எத்தனை கருவிகளுக்கு நடுவே பிறந்தன என்பதை நீங்களே அறிவீர்கள். உங்கள் தங்கையின் பிள்ளைக்கு ஒரு கட்டில் வாங்கிக் கொடுங்கள். ஆனால் அதைக் காட்டி அரசாங்கம் கை கழுவிக்கொள்ள இடம் கொடாதீர்கள்.

இங்கே ஒரு சிக்கல் எழும் என்பதை நாம் முன்னதாகவே அறிவோம். தீவுகளில் உள்ள வைத்தியசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. போதனா வைத்தியசாலை கொழும்பு மத்திய அமைச்சின் பொறுப்பு. நெடுந்தீவுத் தாய் பண்ணையைக் கடக்கும்போது ஓர் ஆட்சியிலிருந்து இன்னோர் ஆட்சிக்குள் புகுகிறாள். பாவம், வலியில் அவளுக்கு அது தெரிவதில்லை. மாகாணத்தாரைக் கேட்டால் மத்தியைக் கேள் என்பர். மத்தியைக் கேட்டால் மாகாணத்தைக் கேள் என்பர். மாகாணத்தாரோ யார்? நம் வாக்கால் 2013இல் அமைந்த சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இன்றி ஆளுநரின் கையெழுத்திலே காரியம் நடந்தது. வாக்குக் கேட்டு வரவேண்டிய தேவை இல்லாதவரிடம் வாக்காளரின் பிள்ளைப்பேறு பற்றி முறையிடுவது எவ்வளவு பயன் தரும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

ஆகவே அடுத்த வரவுசெலவுத் திட்டம் வருமுன் மூன்று பேரிடம் எழுத்தில் விடை கேட்கிறோம்: சுகாதார மந்திரியிடம், வடமாகாண ஆளுநரிடம், தீவகத்தில் வாக்குப் பெற்ற பாராளுமன்ற உறுப்பினர்களிடம். போதனா வைத்தியசாலையின் சிசுப் பிரிவில் கட்டில் எத்தனை, இயந்திரம் எத்தனை, ஓர் இரவில் தாதியர் எத்தனை பேர்? இந்த எண்களைத் தீவகத்தின் ஒவ்வொரு தாய்சேய் நிலையத்தின் சுவரிலும் தமிழில் ஒட்டி வைப்பீர்களா? நெடுந்தீவிலிருந்து இரவில் தாயை ஏற்றிவரும் படகு எது, அதன் எண்ணெய்ச் செலவு யாருடையது, அழைக்கவேண்டிய தொலைபேசி இலக்கம் எது? நாம் கேட்ட வீட்டுக்கு எந்தத் தெருவில் காணி? அந்த வீட்டின் திறப்பு யாரிடம் இருக்கும்: மத்தியிடமா, மாகாணத்திடமா?